கூகுள் தேடலும் ரூபாவும்: ஆய்வேட்டுத் தலைப்புக்கு ஆலோசனை வேணும்

நாலாம்_வருசம்

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில பொருளியல் சிறப்புக்கலை படிக்கிறன், இறுதி வருசம். துணைப்பாடமா ஊடகக் கற்கையும் எடுத்தனான். ரெண்டையும் சேர்க்கிற மாதிரி ஒரு ஆய்வேடு எழுத ஆசை.

யோசிச்சு வைச்சிருக்கிறது இதுதான். 2021 செப்டெம்பர் தொடக்கம் 2022 டிசெம்பர் வரைக்கும் இலங்கையில "டொலர்" எண்டு கூகுளில தேடின அளவைக் கூகுள் ட்ரென்ட்ஸில எடுக்கிறது. மத்திய வங்கியின்ர நாளாந்த நாணயமாற்று வீதத்தைப் பக்கத்தில வைக்கிறது. தேடல் முந்துதா வீதம் முந்துதா எண்டு கிரேஞ்சர் சோதனை போட்டுப் பாக்கிறது.

மேற்பார்வையாளர் சேர் "மாதிரி சரி, தரவை யோசி" எண்டார். ஊடகப் பக்கத்து மிஸ் "இதில ஊடகம் எங்க பிள்ளை?" எண்டு கேட்டவ. ரெண்டு பேருக்கும் என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. மென்பொருளில ஈவியூஸ் நல்லாத் தெரியும், ஆர் கொஞ்சம் தெரியும். அண்ணாமார் அக்காமார் உதவுங்கோ.

மீதிவழு

தங்கச்சி, முதல்ல அந்த வீதத்தை ஒருக்கா வரைஞ்சு பாருங்கோ. 2021 செப்டெம்பரில இருந்து 2022 மார்ச் 7 வரைக்கும் ரூபாவை 200க்கும் 203க்கும் இடையில பிடிச்சு வைச்சிருந்தாங்கள். கோடு தரையோட தரையாக் கிடக்கும். பிறகு விட்டதும் மே நடுவில 360ஐத் தொட்டது, அதுக்குப் பிறகு திரும்பவும் அநேகமா அசைவில்லை. உங்கட மாறி உண்மையில அசைஞ்சது ரெண்டு மாதம் மட்டும்தான். அசையாத மாறியில எது எதை முந்துது எண்டு எந்தச் சோதனையும் சொல்லாது.

அசைஞ்ச அந்த ரெண்டு மாதத்திலயும் ரெண்டு தொடரும் ஒண்டா மேல ஏறுது. மேல ஏறுற எந்த ரெண்டைச் சேர்த்தாலும் உறவு வரும். புள்ளியியலாளர் யூல் 1926இலேயே இதைக் காட்டினவர்: இங்கிலாந்தில திருச்சபையில நடந்த திருமணங்களின்ர விகிதத்துக்கும் இறப்பு வீதத்துக்கும் 0.95 தொடர்பு! தேவாலயத்தில கலியாணம் கட்டினதால ஆக்கள் செத்தவை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. 1974இல கிரேஞ்சரும் நியூபோல்டும் அதே நோயைக் காலத்தொடர் ரிகிரசனில காட்டினவை. அதே கிரேஞ்சர்தான். அவற்ர பேரில இருக்கிற சோதனையைப் போட முதல் அவற்ர எச்சரிக்கையையும் வாசிக்கிறது நல்லம்.

கூகுள் ட்ரென்ட்ஸிலயும் ஒரு பொறி இருக்கு. அது தேடல் எண்ணிக்கையைத் தாறேல்லை. நீங்கள் கேட்ட காலத்துக்குள்ள உச்சத்தை 100 ஆக்கி மற்றதை அதோட ஒப்பிட்டுத் தருது. நாளாந்தத் தரவு கிட்டத்தட்ட ஒன்பது மாதம் வரைக்கும்தான் கிடைக்கும், அதுக்கு மேல கேட்டால் கிழமைக் கணக்கா மாறிரும். உங்கட பதினாறு மாதத்துக்கு ரெண்டு துண்டா எடுத்துத் தைக்கவேணும். ரெண்டு துண்டுக்கும் 100 ஒண்டில்லை. தைக்கிற இடத்தில ஒரு பொய்ப் பள்ளமோ மேடோ விழும்.

கொட்டாஞ்சேனைக்காரன்

மீதிவழு அண்ணை சொன்னதுக்கு மேல ஒண்டு. அந்த ஆறு மாதம் டொலருக்கு விலை இல்லாமலா இருந்தது? இருந்தது, மத்திய வங்கியின்ர பக்கத்தில இல்லை, அவ்வளவுதான். நான் அப்ப ஒரு பத்திரிகையில வணிகப் பக்கம் பாத்தனான். காலமை செட்டியார் தெருவில பவுன் என்ன விலை எண்டு கேட்டால் காணும், அதில இருந்து டொலர் உண்மையில என்ன விலைக்குப் போகுது எண்டு கணக்குப் பாக்கலாம். உண்டியல்காரரின்ர (வங்கிக்கு வெளியால காசு அனுப்புறவையின்ர) வீதம் வட்ஸ்அப் குழுக்களில ஓடும். வெள்ளவத்தையில பாதிப் பேருக்கு வெளிநாட்டில ஆரோ இருக்கினம், அவைக்கு எந்த நாளில அனுப்பச் சொல்லுறது எண்டு முடிவெடுக்கிறதே அந்த மெசேஜைப் பாத்துத்தான்.

உங்கட ஊடகப் பக்கத்து மிஸ் கேட்ட கேள்விக்கும் விடை அங்கதான் இருக்கு. ஊடகம் விலையைப் பாதிச்சதா எண்டு தேடுறியள். விலையே ஊடகத்துக்குள்ளதான் இருந்தது.

பாஸ்பண்ணினாக்_காணும்

உதுகளை விடும் பிள்ளை. உலக வங்கித் தளத்தில இருந்து 1990 தொடக்கம் இணையப் பாவனையாளர் வீதமும் மொத்த உள்நாட்டு உற்பத்தியும் எடு. ஏ.ஆர்.டி.எல். (முந்தின வருசப் பெறுமதிகளையும் சேர்க்கிற ரிகிரசன்) போடு, அதில பவுண்ட்ஸ் சோதனை போடு, நீண்டகால உறவு இருக்கெண்டு எழுது. ரெண்டு கிழமையில முடியும். எங்கட பட்ஜில அரைவாசிப் பேர் உப்பிடித்தான் முடிச்சவை, எல்லாரும் இப்ப வேலையில இருக்கினம். கொரோனாவும் போராட்டமும் வந்து பட்டப்படிப்பே இழுபட்டுக் கிடந்தது, இன்னும் இழுக்கவோ?

மீதிவழு

> ஏ.ஆர்.டி.எல். போடு

வருசத் தரவு, முப்பது சொச்ச அவதானிப்பு, அதில நாலஞ்சு மாறி, ஒவ்வொண்டுக்கும் ரெண்டு பின்தங்கல். மிச்சம் என்ன இருக்கு? பெசரன், ஷின், ஸ்மித் 2001இல அந்த முறையைத் தந்தது மாறிகள் ஒரே வகை நிலைத்தன்மையில இல்லாட்டியும் நீண்டகால உறவைச் சோதிக்கத்தான். குறுகின தரவை வைச்சுக்கொண்டு பாஸ் பண்ண ஒரு கதவு திறந்து விடுறதுக்கில்லை. அந்த முப்பது வருசத்துக்குள்ள ஒரு போர் முடிஞ்சிருக்கு, ஒரு சுனாமி வந்திருக்கு, ஒரு கடன் முறிவு வந்திருக்கு. இணையம் வந்து வளர்ச்சி கூடினதெண்டு அந்தக் கோட்டில எந்த இடத்தில வாசிக்கிறது?

நேரம் கொஞ்சம்தான் இருக்கு எண்டது மட்டும் சரி. கேள்வியைச் சின்னனாக்கினால் நேரம் வரும்.

நாலாம்_வருசம்

அண்ணை, விளங்குது. வீதத்தை விடுறன். அப்ப சமூக ஊடகத் தடையை எடுக்கலாமோ? 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் எண்டு மூண்டு தரம் அரசாங்கம் மூடினது. மூடின நாளையும் மூடாத நாளையும் ஒப்பிட்டுச் சந்தை விலை என்ன ஆனதெண்டு பாக்கலாம். தடை எண்டது வெளியில இருந்து வந்த அதிர்ச்சிதானே?

தெமட்டகொடை_நானா

தங்கச்சி, வெளியில இருந்து வந்ததெண்டு சொல்ல ஏலாது. 2018இல கண்டிப் பக்கம் திகனயில பள்ளிவாசலும் கடையும் எரிஞ்ச பிறகுதான் மூடினது. 2019இல குண்டு வெடிச்ச அன்றைக்கே மூடி 30ஆம் திகதிதான் திறந்தது. பிறகு மே 13 திரும்பவும் மூடினது, அதை நீங்க விட்டுட்டீங்க. அந்தந்த நாளெல்லாம் ஊரடங்கு. எங்கட கடை சாத்தித்தான் இருந்திச்சு. அன்றைக்கு வியாபாரம் குறைஞ்சது வட்ஸ்அப் இல்லாததாலயா, ஆள் வெளிய வரப் பயந்ததாலயா? எனக்கு எந்த ரிகிரசனும் தெரியா, ஆனா இதுக்குப் பதில் தெரியும்.

இன்னொண்டும் சொல்றன். 2019 மே மாசம் சிலாபத்தில பிரச்சினை தொடங்கினது ஒரு பேஸ்புக் பின்னூட்டத்தில. இங்கிலீசில போட்ட ஒத்தை வரி. போட்டவர் ஒரு கருத்தில போட்டார், பாத்தவங்க மிரட்டல் எண்டு எடுத்தாங்க. அன்றைக்கு எத்தனை ஆயிரம் பதிவு வந்ததெண்டு எண்ணினா அந்த வரியும் ஒண்டு, "காலை வணக்கம்" படமும் ஒண்டு. எண்ணினவருக்கு என்ன விளங்கும்?

அலைவரிசை

நானா கடைசியாச் சொன்னதைத்தான் நான் வகுப்பில ஒரு மாதம் சொல்லிக்குடுக்கிறனான். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டுவர்ட் ஹோல் 1973இல எழுதினதும் இதுதான்: அனுப்பினவர் வைச்ச பொருள் வாசிச்சவரிட்ட அப்படியே போய்ச் சேருறேல்லை, வாசிக்கிறவர் தான் நிக்கிற இடத்தில இருந்து வாசிக்கிறார். அவர் யோசிச்சது தொலைக்காட்சியை. எங்களுக்கு ஒவ்வொரு கிழமையும் பேஸ்புக்கில நடக்குது.

தங்கச்சிக்கு ஒரு கேள்வி. கூகுளில "டொலர்" எண்டு எந்த எழுத்தில போட்டுத் தேடினனீங்கள்? தமிழிலயா, சிங்களத்திலயா, ஆங்கிலத்திலயா? ட்ரென்ட்ஸ் மூண்டையும் மூண்டு தனிச் சொல்லா எண்ணும். இலங்கைக்குள்ள தமிழ் எழுத்தில தேடினால் கன நாளுக்கு வெறும் பூச்சியம் காட்டும், ஏனெண்டால் குறைஞ்ச அளவு தேடலைப் பூச்சியமாப் போட்டுவிடும். தமிழர் டொலரைப் பற்றிக் கவலைப்படேல்லை எண்டு அதுக்கு அர்த்தமில்லை. அவை ஆங்கில எழுத்தில தட்டுறவை, இல்லாட்டி கூகுளுக்கே போகாமல் மாமாவிட்ட வொயிஸ் மெசேஜில கேக்கிறவை. பதிவுகளும் அப்படித்தான். யூரியூப் பின்னூட்டத்தில பாதி ஆங்கில எழுத்தில எழுதின தமிழ், மிச்சம் எமோஜி. பழைய தமிழ்ப் பத்திரிகைக் கோப்புகள் பாமினி எண்ட பழைய எழுத்துருவில தட்டினது; பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையா வரும், மாத்தி எடுக்காமல் எந்த மென்பொருளும் அதைத் தமிழெண்டு எண்ணாது. எண்ணுறதுக்கு முதல் எது எண்ணிக்கைக்குள்ள வருது, எது வராது எண்டு பாக்கிறதுதான் எங்கட துறை. மிஸ் கேட்ட "ஊடகம் எங்க" எண்டதுக்கு அர்த்தம் அதுவாத்தான் இருக்கும்.

பேஸ்புக் தரவு எடுக்கலாமெண்டு நினைக்கவேண்டாம். பேஸ்புக் பதிவுகளைத் தேடித்தந்த கிரவுட்ராங்கிளை 2024 ஓகஸ்டில மூடிற்றாங்கள், ருவிட்டரின்ர இலவச ஏ.பி.ஐ. (தரவு எடுக்கிற வழி) 2023இலேயே போயிற்று. தனிப்பட்ட குழுக்களுக்குள்ள களவாப் புகுந்து எடுக்கிறது நெறிமுறைக் குழுவில நிக்காது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கு. (நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் 2024இன் 9ஆம் இலக்கம்தான். ஒன்பதில என்னதான் இருக்கோ.)

மீதிவழு

நானா சொன்ன ஊரடங்குக் கதை 2022க்கும் பொருந்தும். ஏப்ரல் 3, ஞாயிறு. தடை நிண்டது அரை நாளுக்குச் சற்றுக் கூட. முதல் நாள் பின்னேரம் ஆறு மணியில இருந்து 36 மணித்தியால ஊரடங்கு. அவசரகாலச் சட்டம். அந்தக் கிழமை பதின்மூண்டு மணித்தியால மின்வெட்டு, போன் சார்ஜே இல்லை. சார்ஜ் இருந்தவன் வீ.பீ.என். போட்டு உள்ள வந்திட்டான். தடை போட்டதே ஆக்கள் வீதிக்கு இறங்கப் போறாங்கள் எண்டதுக்காக. காரணமும் விளைவும் ஒண்டோடொண்டு பின்னிக் கிடக்கு, பிரிச்செடுக்க ஏலாது.

ஆனால் தங்கச்சி தேடின திசை சரி. ஜேர்மனியில முல்லர், ஷ்வார்ஸ் எண்ட ரெண்டு பேர் பேஸ்புக்கில அகதிகளுக்கு எதிரான பதிவுகளையும் அகதிகள் மேல நடந்த தாக்குதல்களையும் ஆராய்ஞ்சவை. அவை பாத்தது பேஸ்புக்கும் இணையமும் தானாப் பழுதாகி விழுந்த நேரங்களை. பழுது அரசியல் பாத்து வாறேல்லை.

எங்களுக்கும் அப்படி ஒண்டு இருக்கு. 2021 ஒக்டோபர் 4. பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூண்டும் உலகம் முழுக்க ஆறு மணித்தியாலமளவில விழுந்தது. காரணம் அவங்கட சொந்த வலையமைப்பில செய்த ஒரு மாற்றம், இலங்கையில நடந்த ஒண்டோடயும் சம்பந்தமில்லை. இங்க மணிக்கணக்கைப் பாருங்கோ: திங்கள் இரவு ஒன்பது தாண்டி விழுந்தது, திரும்பி வரேக்கை செவ்வாய் விடியப்பறம் மூண்டு தாண்டிற்று.

கொட்டாஞ்சேனைக்காரன்

அந்த நேரம் கொழும்பே நித்திரை அண்ணை. அதில என்ன பாக்கப்போறியள்?

தெமட்டகொடை_நானா

கொழும்பு நித்திரை, பேலியகொடை முழிப்பு. மீன் சந்தை சூடாகிறதே அந்த நேரத்திலதான். 2011இல புறக்கோட்டை சென். ஜோன்ஸில இருந்து அங்க போனது. 2020 நவம்பரில மெனிங் சந்தை மரக்கறியும் அங்கதான் போயிற்று. லொறி வாறது, ஏலம் போறது, சில்லறைக்காரன் எடுக்கிறது எல்லாம் விடியிறதுக்குள்ள.

மீதிவழு

அதைத்தான் சொல்ல வந்தனான். மீனெண்டதும் பொருளியல் படிச்ச எல்லாருக்கும் ஞாபகம் வாறது ரொபர்ட் ஜென்சன் 2007இல வெளியிட்ட ஆய்வு. கேரளத்தின்ர வடக்குக் கரையில 1997 தொடக்கம் 2001 வரை கைத்தொலைபேசி பகுதி பகுதியா வந்தது. அதுக்கு முதல் ஒரு கரையில சாளை வாங்க ஆளில்லாமல் கொட்டுவாங்கள், பக்கத்துக் கரையில மீன் இல்லாமல் விலை ஏறிக் கிடக்கும். போன் வந்ததும் கடலில நிண்டே விலை கேட்டு எந்தக் கரைக்குப் போறதெண்டு முடிவெடுத்தாங்கள். கரைக்குக் கரை விலை வித்தியாசம் சுருங்கிற்று, கொட்டுறது நிண்டுது, மீனவரின்ர லாபம் 8 வீதம் கூடினது, வாங்கிறவருக்கு விலை 4 வீதம் குறைஞ்சது.

நீங்கள் அதைத் திருப்பிப் பாக்கலாம். தொடர்பு வந்தால் வித்தியாசம் சுருங்குமெண்டால், ஒரு இரவு தொடர்பு அறுந்தால் விரியவேணும். மத்திய வங்கியின்ர நாளாந்த விலை அறிக்கையில மீனுக்குப் பேலியகொடையும் நீர்கொழும்பும் வரும். பலயா, கெலவல்லா (ரெண்டும் சூரை வகை), சாளை எண்டு தனித்தனியா. ரெண்டு சந்தைக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஒவ்வொரு நாளும் எடுத்து, ஒக்டோபர் 5இல விரிஞ்சதோ எண்டு பாருங்கோ.

நாலாம்_வருசம்

ஆனால் ஒரே ஒரு இரவுதானே அண்ணை? ஒரு அவதானிப்பை வைச்சு எப்பிடி நியம வழு (மதிப்பீடு எவ்வளவு தளம்பும் எண்ட அளவு) எடுக்கிறது?

மீதிவழு

நல்ல கேள்வி, வைவாவில (வாய்மொழிப் பரீட்சையில) இதைத்தான் கேப்பாங்கள். வழமையான நியம வழு இங்க உதவாது. வேற வழி: அந்த வருசத்தில ஒவ்வொரு நாளையும் "இதுதான் பழுது நாள்" எண்டு பொய்யா வைச்சு, அதே வித்தியாச மாற்றத்தைக் கணக்கிடுங்கோ. எல்லாத்தையும் சிறிசில இருந்து பெரிசுக்கு அடுக்குங்கோ. உண்மையான நாள் அந்த வரிசையில ஓரத்தில நிக்குதா, நடுவில நிக்குதா? நடுவில நிண்டால் ஒண்டும் நடக்கேல்லை எண்டு அர்த்தம், அதையும் எழுதலாம். கணக்கு ஆரில பத்து வரி.

குழப்பக்கூடியதுகளையும் எழுதி வையுங்கோ. ஊரடங்கு ஒக்டோபர் 1ஆம் திகதிதான் எடுபட்டது, அதால முந்தின கிழமையோட ஒப்பிட ஏலாது. இரவு பதினொண்டுக்கும் விடிய நாலுக்கும் இடையில நடமாட்டக் கட்டுப்பாடு இன்னும் நிண்டது. அதே கிழமை பால்மா, கோதுமை மா, காஸ், சீமெந்துக்கு விலைக் கட்டுப்பாடு எடுபட்டது. மீனுக்கு நேரடியாப் படாது, ஆனாலும் கேப்பாங்கள்.

அலைவரிசை

கணக்கு வடிவா இருக்கு. ஆனால் அண்ணை ஒண்டை யோசிக்காமல் போறார். அன்றைக்கு விழுந்தது வட்ஸ்அப். போன் அழைப்பு விழவே இல்லை. ஜென்சனின்ர மீனவர் பாவிச்சதே அழைப்பைத்தான். பேலியகொடை முதலாளி வழமையாக் குரலில விலை கேக்கிறவரெண்டால் அவருக்கு அந்த இரவு ஒண்டுமே நடக்கேல்லை. படம் அனுப்பி மீனைக் காட்டித்தான் விலை பேசுறவரெண்டால் அவருக்குக் கண் போயிற்று. எது எண்டு அறிக்கையில இருந்து தெரியவராது, போய்க் கேக்கவேணும். பேக்கேஜ் விசயமும் இருக்கு: சமூக ஊடகத்துக்கு மட்டும் டேட்டா போடுறவை கன பேர். அவைக்கு வட்ஸ்அப் விழுந்தால் இணையமே விழுந்த மாதிரி.

கேக்கேக்கை "வட்ஸ்அப் பாவிக்கிறனீங்களோ" எண்டு கேக்கவேண்டாம், எல்லாரும் ஓம் எண்டுவினம். "நேற்று இரவு வந்த முதல் மெசேஜைக் காட்டுவீங்களோ" எண்டு கேளுங்கோ. ஒராள் லொறிக்குள்ள இருக்கிற பெட்டியின்ர படம் காட்டுவார், ஒராள் மூண்டு செக்கன் வொயிஸ் காட்டுவார், ஒராள் வெறும் இலக்கம் காட்டுவார், மீனின்ர பேரே இருக்காது. பேர் போடத் தேவையில்லாத அளவுக்கு அவைக்குள்ள பழக்கம். அந்த வித்தியாசங்களை எழுதினாலே ஒரு அத்தியாயம் வரும், அதை வைச்சுத்தான் எந்த மீன்வகையில வித்தியாசம் விரியுமெண்டு கருதுகோள் எழுதவேணும். சாளை எல்லாம் ஒரே மாதிரி, குரலில விலை பேசலாம். கெலவல்லா தரம் பாத்து வாங்கிறது, படம் வேணும். அப்ப கெலவல்லாவில விரியவேணும், சாளையில விரியக்கூடாது.

மீதிவழு

இது என்ர யோசனையை விடத் திறம். ரெண்டு மீன்வகைக்கும் இடையில ஒப்பிட்டால் ஊரடங்கு, லொறி, காலநிலை எல்லாம் பெரும்பாலும் கழிஞ்சிரும், அது ரெண்டுக்கும் பொதுவானதுதானே. ஆனால் அக்கா, கருதுகோளை விலைத் தரவைத் திறக்க முதல் எழுதித் திகதி போட்டு மேற்பார்வையாளருக்கு அனுப்பச் சொல்லுங்கோ. பாத்திட்டு எழுதினால் பலயாவில விரிஞ்சிருந்தாலும் அதுக்கும் ஒரு கதை வரும்.

பாஸ்பண்ணினாக்_காணும்

விடியப்பறம் மீன் சந்தைக்குப் போய் ஆய்வேடோ. நான் சொன்னதைக் கேட்டிருந்தால் இப்ப முடிவுரை எழுதிக்கொண்டிருப்பீர். சரி, உம்மட இஷ்டம். இலக்கியமீளாய்வு வேணுமெண்டால் சொல்லும், விலை வித்தியாசம் பற்றி நான் சேர்த்து வைச்ச கட்டுரைகள் கொஞ்சம் கிடக்கு.

நாலாம்_வருசம்

அனுப்புங்கோ அண்ணா, நன்றி.

இண்டைக்குச் சேரிட்டயும் மிஸ்ஸிட்டயும் சொன்னனான். சேர் ரெண்டு மீன்வகை ஒப்பீட்டைக் கேட்டிட்டு "இது சரி, ஆனால் உன்ர தரவு சராசரி விலை, நல்ல கெலவல்லாவும் பழசும் ஒண்டாத்தான் அதுக்குள்ள கிடக்கும்" எண்டார். அதை வரையறையா எழுதச் சொன்னவர். மிஸ் நேர்காணல் அத்தியாயத்தை முதலில வைக்கச் சொன்னவ. நெறிமுறைப் படிவம் வெள்ளிக்கிழமை குடுக்கிறன். இனி ரெண்டு சந்தேகம்: சந்தைக்கு எப்பிடிப் போறது? விலை அறிக்கையள் எல்லாம் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிக் கோப்பு, அட்டவணையாப் பிரதி எடுத்தால் வரிசை குழம்புது. என்ன செய்யிறது?

தெமட்டகொடை_நானா

எங்கட மச்சான் ஒருவர் அங்க மொத்த வியாபாரம். தனியா வராதீங்க, தம்பியையோ கூட்டாளியையோ கூட்டிக்கொண்டு வாங்க. ரெண்டு மணிக்கு முன்னுக்கு வந்தா ஒருத்தரும் கதைக்க மாட்டாங்க, லொறி இறக்கிற நேரம். நாலரைக்குப் பிறகு பிளேன்ரீ குடிப்பாங்க, அப்ப கேளுங்க. செருப்பு வேணாம், தண்ணியும் ஐஸும் கணுக்கால் வரைக்கும். தனி மடல் போடுங்க, நம்பர் தாறன்.

மீதிவழு

கோப்புகளை ஆரில அட்டவணையாப் பிரிச்செடுக்கிற பொதி இருக்கு, நாளைக்கு ஒரு மாதிரி நிரலை இங்க போட்டுவிடுறன். போயா நாளிலயும் வங்கி விடுமுறையிலயும் அறிக்கை வராது, அந்த நாளுகளை நிரப்பாதேங்கோ, வெறுமையா விடுங்கோ. எல்லாத்துக்கும் முதல் 2021 ஒக்டோபர் 5, செவ்வாய்க்கிழமைக் கோப்பைத் தேடுங்கோ. உள்ள இருக்கிற விலையைப் பாக்கவேண்டாம். கோப்பு இருக்கோ, மீன் பகுதி நிரம்பியிருக்கோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ.